அலைக்கு நின்ற நாற்பது விநாடி

கடைசல் பட்டறையில் அவரை எல்லோரும் நூலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கடைந்த தண்டைக் கையில் கொடுத்தாலும், கண்ணருகே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் இடிக்குதே" என்பார். அளவெடுத்துப் பார்த்தால் அந்த நூலளவு பிசகு இருக்கத்தான் செய்யும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் ஒருமுறை ஒரு காகிதத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினார். அதனால் வந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டறையிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் விரிகுடா. உள்பக்கம் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும். வாய்ப்பக்கம் போனால் திறந்த கடல்; அங்கே அலை எழும். வாரம் ஆறு நாள் லேத் முன்னால் குனிந்து நிற்கும் நூலண்ணன், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு போவார். நின்று ஓட்டும் ஜெட் ஸ்கி அது. நம்மில் பலர் பார்த்திருப்பது உட்கார்ந்து ஓட்டுகிற வகை. மோட்டார் சைக்கிளைக் கடலில் இறக்கிவிட்டது போலிருக்கும். இதில் இருக்கையே கிடையாது. பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு தட்டு, முன்னாலிருந்து கீல் போட்டு மேலெழும்பும் நீண்ட தண்டு, தண்டின் நுனியில் கைப்பிடி, அவ்வளவுதான். வேகமாகப் போகும்வரை ஆளைத் தாங்கும். வேகம் குறைந்தால் குடிகாரனைப் போலத் தள்ளாடும்.

அந்த வண்டி அவருக்கு மட்டும் சொந்தமில்லை. மனைவியின் தம்பியும் அவரும் சேர்ந்து வாங்கியது. மைத்துனன் பெயிண்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பான். அவன் நகக்கண்ணைப் பார்த்தே அந்த வாரம் எந்தக் கட்டடத்துக்கு என்ன நிறம் என்று அக்கா சொல்லிவிடுவாள். அம்மா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர் எழுத்தையே படிக்கிறவளுக்கு மனுஷன் முகத்தைப் படிப்பது பெரிய காரியமா என்று நூலண்ணன் கிண்டல் செய்வார்.

மச்சானும் மைத்துனனும் ஓட்டுவதைக் கரையில் நின்று பார்த்தவர்கள், இரண்டும் ஒரே வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். நூலண்ணன் பந்தயக்காரர். தண்ணீரில் மிதவைகளைப் போட்டு, அவற்றைச் சுற்றி யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். முதுகை மடித்து, முகவாய் கைப்பிடியைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து நிற்பார். திருப்பம் வந்தால் உள்பக்க முழங்காலைத் தட்டில் ஊன்றி, வெளிக்காலால் வண்டியை மிதித்துச் சாய்ப்பார். மிதவைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். விரல் ஆக்சிலேட்டரை விட்டு எழாது. ஒரு மிதவையைச் சுற்றும்போதே கண் அடுத்த மிதவைக்குப் போய்விடும்.

பெயிண்டரோ பேருந்துக்குக் காத்திருப்பவன் போல நிமிர்ந்து நிற்பான். முழங்கால் இரண்டும் தொளதொளவென்று இருக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துவான், விடுவான், மறுபடி அழுத்துவான். விரிகுடா வாய்க்குப் போய், அலை வரும்போது அதன் மேலேறி, முனையில் வண்டியோடு எகிறி, ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் இறங்குவான். பாதி நேரம் வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் விழுவார்கள். சிரித்துக்கொண்டே நீந்திப் போய் ஏறிக்கொள்வான்.

சண்டையெல்லாம் திருகாணியில்தான். பந்தயத்துக்கு வண்டியின் இரு பக்கமும் தகடு வேண்டும். அதுதான் திருப்பத்தில் தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும். அலையில் விளையாடுகிறவனுக்கு அந்தக் கவ்வலே ஆகாது. வண்டி வழுக்க வேண்டும். அவனுக்குத் தட்டில் கால்வளையம் வேண்டும், தலைகீழாகப் போகும்போது கால் கழன்றுவிடாமல் இருக்க. இவருக்கு வளையம் ஆகாது. திருப்பத்துக்குத் திருப்பம் கால் இடம் மாற வேண்டும். ஆக ஒவ்வொரு ஞாயிறும் அரைமணி நேரம் ஒருவர் மாட்டியதை இன்னொருவர் கழற்றுவதிலேயே போகும். கடைசியில் அக்காதான் பஞ்சாயத்துப் பண்ணினாள். முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் புருஷனுக்கு. இரண்டும் நான்கும் தம்பிக்கு. ஐந்தாவது ஞாயிறு வந்தால் இரண்டு பேரும் தண்ணீர்ப் பக்கமே போகாமல் வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய வேண்டும்.

அவன் ஓட்டுவதை இவர் சர்க்கஸ் என்பார். இவர் ஓட்டுவதை அவன் செக்கு என்பான். "மச்சான், செக்கு மாட்டைக்கூட நடுவுல அவுத்து விட்டுத் தண்ணி காட்டுவாங்க" என்று அவன் சொன்னதை மனைவி பல மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நூலண்ணன் சிரிக்கவில்லை. அவர் மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம் வந்தவர். பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது, அதற்கு மாமன் மச்சான் கிடையாது, குட்டிக்கரணத்துக்கு மனுஷன் மார்க் போடுகிறான், அதெல்லாம் ஒரு விளையாட்டா என்பது அவர் கட்சி. இதைச் சாப்பாட்டு மேசையில், பட்டறையில், படகுத்துறையில், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயதும் மைத்துனனுக்கு இருபத்தொன்பதும் நடந்த வருடம், படகுச் சங்கம் முதன்முதலாக அலைச் சாகசத்துக்கும் ஒரு போட்டி வைத்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண். வெற்றி பெறுகிறவனை, ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் ஒரு குழு வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பெயிண்டர் அக்காவிடம் மட்டும் மனதைத் திறந்தான். அது கிடைத்தால் கயிற்றிலிருந்து இறங்கிவிடலாம் என்றான். பத்து வருடமாகத் தொங்குகிறான்; இன்னும் ஒவ்வொரு காலையும் முதல் பத்து நிமிடம் கை வியர்க்கிறது என்றான். அக்கா அதைப் புருஷனிடம் சொன்னாள். எனவே நூலண்ணனுக்கு அது தெரியும். தெரியாமல் செய்தார் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

போட்டி நாள் காலையில் நடுவர்களில் ஒருவர் படகுத்துறைப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் நேராக நூலண்ணனிடம் வந்து, நடுவராக உட்காரும்படி கேட்டார். போட்டியிடுவது என் மைத்துனன் ஆயிற்றே என்று இவர் சொல்லத்தான் செய்தார். அதற்குச் செயலாளர், ஒரு நூல் பிசகினாலும் விடாத ஆள், உங்களைவிட நேர்மையாக யார் போடப் போகிறார்கள் என்றார். அந்த வார்த்தை வெல்லம் போல உள்ளே இறங்கியது. அலையில் ஓட்டுவதைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்ற இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. எட்டு வருடம் அதே வண்டியை ஓட்டியவருக்குத் தெரியாது என்று எப்படித் தோன்றும்?

முதலில் போனவன் இரண்டு நிமிடமும் மூச்சுவிடாமல் எதையாவது செய்துகொண்டே இருந்தான். சின்ன அலை பெரிய அலை பார்க்கவில்லை. வந்ததிலெல்லாம் ஏறினான், எகிறினான், சுழன்றான். நூலண்ணன் ஏழு போட்டார். மற்ற இருவர் எட்டு எட்டு.

அடுத்து பெயிண்டர். கடிகாரத்தை அழுத்தியதும் விரிகுடா வாய்க்குப் போனான். போனவன் அங்கே நின்றுவிட்டான். வண்டியை மெல்ல, மிக மெல்ல ஒரு சின்ன வட்டத்தில் உருட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று கடலையே பார்த்தான். ஓர் அலை வந்தது, விட்டான். இரண்டாவது வந்தது, அதையும் விட்டான். கரையில் யாரோ தூங்கிவிட்டானா என்று கேட்டார்கள். நூலண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து, இருபது, முப்பது. நாற்பதாவது விநாடியில் அவன் வண்டியின் மூக்கைத் திருப்பினான். எதிரே ஓர் அலை சுவர் போல எழுந்து நின்றது. அதன் மேல் ஏறும்போது ஆக்சிலேட்டரை விட்டான், சத்தமே இல்லை. முனைக்கு வந்ததும் ஒரே அழுத்து. வண்டியும் அவனும் பின்பக்கமாகப் புரண்டு, வண்டியின் வயிறு வானத்தைப் பார்க்க ஒரு கணம் அங்கேயே தங்கியது போலிருந்தது. பிறகு அலையின் முதுகில் வந்து அமர்ந்தார்கள், தண்ணீர் தெறித்ததுகூடத் தெரியாமல். பின்னாலேயே வந்த அலையில் இன்னொன்று, பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று. கரையே எழுந்து நின்றது. அழுகிற மாதிரி, சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

நூலண்ணன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். எட்டு வருடத்தில் அவருக்காகக் கரை அப்படி எழுந்ததே இல்லை. முதலில் வந்தவருக்குக் கை தட்டுவார்கள். கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி ஒரு மரியாதைக்கு. தனக்குள் வந்ததற்கு என்ன பெயர் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. சொந்தக்காரன் என்று அள்ளிப் போட்டான் என்று ஊர் பேசும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று மட்டும் யோசித்தார். இரண்டு நிமிடத்தில் நாற்பது விநாடி சும்மா நின்றான் என்று கணக்குப் பார்த்தார். காகிதத்தில் நான்கு என்று எழுதினார். எழுதியபோது தான் ரொம்ப நேர்மையான ஆள் என்று ஒரு நிறைவுகூட வந்தது.

மற்ற இருவரும் ஒன்பது ஒன்பது போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு. முதலில் போனவனுக்கு இருபத்துமூன்று.

மூன்று நடுவர்களின் மதிப்பெண்களையும் பெயர் போடாமல் தனித்தனியாகப் பலகையில் எழுதிவைத்தார்கள். பெயிண்டர் தலை துவட்டிக்கொண்டு வந்து பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நடுவர் மேசைக்கு வந்தான்.

"மச்சான், அந்த நாலு யார் போட்டது?"

"நான்தான்."

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நாப்பது செகண்ட் சும்மா நின்னியே மாப்ளே. அதுக்கு என்ன போடச் சொல்றே?"

"சும்மாவா நின்னேன்?"

அவ்வளவுதான் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். அடுத்த ஞாயிறு அவனுடைய முறை. வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. வண்டியை மச்சானே வைத்துக்கொள்ளட்டும் என்று அக்கா மூலம் சொல்லி அனுப்பினான்.

ஏழெட்டு மாதம் கழித்து, பக்கத்து நகரத்தில் பெரிய வேலை கிடைத்து அவன் அங்கே போய்விட்டான். போன மூன்றாவது வாரம் சாரப் பலகை ஒன்று சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தோள் நொறுங்கிப் போனது. ஒட்டவைத்தார்கள், ஆனால் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. கயிற்றில் தொங்கவும் ஆகாது, வண்டியின் தண்டைப் பிடித்து இழுக்கவும் ஆகாது.

ஆஸ்பத்திரிக்கு நூலண்ணனும் போனார். பழம் வாங்கிக்கொண்டு போனார். அவன் நன்றாகவே பேசினான். பட்டறை எப்படி, வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்றெல்லாம் கேட்டான். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒருநாள் கத்தித் தீர்த்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவளோ வழக்கம்போலச் சோறு போட்டாள், பித்தான் தைத்துக் கொடுத்தாள், மருந்துக்கடைக் கதைகளைச் சொன்னாள். விரிகுடாப் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. ஞாயிறு காலையில் அவர் கிளம்பும்போது அவளுக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்தது.

விழுந்ததற்குத் தான் காரணமில்லை என்று நூலண்ணன் தனக்குத்தானே பலமுறை நிரூபித்துக்கொண்டார். பலகையைக் கட்டியவன் வேறு, அனுப்பியவன் வேறு. கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பதினான்கு வருடம் போயிற்று. பந்தயத்தில் அவர் முன்னைப் போல வரவில்லை. மூன்றாவது, ஐந்தாவது என்று இறங்கி, ஒருநாள் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஊன்றாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஊன்றாமல் மிதவையைச் சுற்ற முடியாது. போதாக்குறைக்கு விரிகுடாவின் உள்பக்கத்தில் பயணிகள் படகுக்குத் துறை கட்டினார்கள். மிதவைகளை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வாய்ப்பக்கம்தான்.

வண்டியை விற்றுவிட மனம் வராமல், நிமிர்ந்து நின்றாவது ஓட்டலாமே என்று ஐம்பத்திரண்டு வயதில் அவர் முதன்முதலாக அலைக்குப் போனார். முதல் நாளே கடல் அவரைத் துணி துவைப்பது போலத் துவைத்தது. பக்கத் தகடு அலையைக் கவ்விக்கொள்ள, வண்டி ஒரு பக்கம் திரும்பி அவரைத் தூக்கி எறிந்தது. ஆறு முறை விழுந்தார். மறுநாள் வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய், தன் கையால் தகடுகளைக் கழற்றினார். பழைய டப்பாவில் கிடந்த கால்வளையங்களைத் தேடி எடுத்து மாட்டினார். இந்த முறை மாட்டியதைக் கழற்ற ஆள் இல்லை.

அலை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. காத்திருக்கத்தான் முடியவில்லை. வேகத்தைக் குறைத்த மூன்றாவது விநாடி வண்டி தள்ளாடும், ஐந்தாவது விநாடி அவர் தண்ணீரில் இருப்பார். வாழ்நாள் முழுக்க அந்த வண்டியில் வேகமாகவே போனவர் அவர். நிற்பதற்கு என்று ஒரு வித்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு பாதமும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நுனியில் ஆக்சிலேட்டரை மூச்சு அளவுக்குத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். கண் மட்டும் இது எதையும் பார்க்காமல் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் அல்லவா, எண்ணிக்கொண்டே பழகினார். ஒரு மாதத்தில் ஏழு விநாடி. மூன்று மாதத்தில் பதினொன்று.

பன்னிரண்டு எண்ணிய அன்று, முதல் அலையை விட்டார். விழாமல் இருந்ததே பெரிது என்பதால் விட்டார். இரண்டாவதையும் விட்டார். அந்த இரண்டும் திரும்பும்போது அடியிலிருந்த தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதைக் காலில் உணர்ந்தார். அடுத்து வந்தது அந்தப் பள்ளத்தின் மேல் எழுந்து சுவராக நின்றது. அவரால் அதில் ஏற முடியவில்லை; அது அவரைக் கவிழ்த்துவிட்டுப் போயிற்று. தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி வண்டியைப் பிடித்துக்கொண்டவர் அதில் ஏறவில்லை. கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்தார். அன்று நடுவர் மேசை முன்னால் துண்டோடு நின்றவன் எதைச் சும்மா என்று சொல்கிறீர்கள் என்று கேட்டான் என்பது பதினான்கு வருடம் கழித்து அவருக்குக் கேட்டது. நாற்பது விநாடி. அவர் பன்னிரண்டுக்கே செத்துப் பிழைத்திருந்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல், அன்று சங்கச் செயலாளராக இருந்த பல் டாக்டரிடம் போனார். பழைய போட்டிப் பதிவேட்டில் ஒரு மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்றார். டாக்டர் முதலில் பல் வலி என்றுதான் நினைத்தார். விஷயம் புரிந்ததும், பதிவேடு எல்லாம் கரையான் தின்று போயிற்று, அந்தக் குழுவே கலைந்து எட்டு வருடம் ஆயிற்று என்றார். "பல்லைப் புடுங்கி இத்தனை வருஷம் கழிச்சு வலிக்குதுன்னு வர்றீங்களே" என்று சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரமே மைத்துனனைப் பார்க்கப் பேருந்து ஏறினார். அவன் இப்போது ஒரு பெயிண்ட் கடையில் வர்ணம் கலக்கும் வேலையில் இருந்தான். வாடிக்கையாளர் ஒரு துணித்துண்டையோ உதிர்ந்த சுவர்ச்சில்லையோ கொண்டுவந்து நீட்டினால், பார்த்த கண்ணோடு அதே நிறத்தைக் கலந்து கொடுப்பான். இடது கையால் டப்பாவைத் தூக்கி, வலது கையால் கிளறினான். மச்சானைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான்.

நூலண்ணன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. அலைக்குப் போனதையும், விழுந்ததையும், பன்னிரண்டு வரை எண்ணியதையும் சொன்னார். தகட்டைக் கழற்றியதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். எத்தனை டிகிரிக்குத் தண்டைத் தூக்கிவைத்திருக்கிறீர்கள், வலது காலா இடது காலா முன்னால் என்று ஆர்வமாகக் கேட்டான். கொஞ்ச நேரம் பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருந்தது. பிறகு அவர் சொன்னார்:

"தப்பாப் போட்டுட்டேன் மாப்ளே. அது என்னன்னே தெரியாம மார்க் போட்டுட்டேன்."

அவன் கிளறுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான். அதுல கோபம் இல்ல. தெரியாதுன்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கலாமேன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இப்போது அதுவும் இல்லை என்றான். தெரியாமல் செய்ததற்கு ஒரு மனுஷன் மேல் எத்தனை நாள் வருத்தப்பட முடியும் என்றான். கடை வாசல்வரை வந்து வழியனுப்பினான். அந்த மாதத்தில் இரண்டு மூன்று முறை தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள், எல்லாம் வண்டி விஷயம்தான். மூன்றாவது அலையில் ஏறும்போது முழங்காலை எப்படி வைப்பது என்று அவன் சொல்ல, இவர் குறித்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு உள்ளே ஒரு நூல் இடித்துக்கொண்டே இருந்தது. தெரியாமல் போட்டேன் என்று சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மன்னிக்க வசதியான பாதியை மட்டும் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஒருநாள் சாயங்காலம், மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு எனக்குப் பொறாமையாகவும் இருந்தது என்று அவளிடம் சொன்னார். கரை எழுந்து நின்றது தனக்குப் பொறுக்காமல் போனதைச் சொன்னார்.

அவள் தட்டிலிருந்து கையை எடுக்காமலே, "தெரியும்" என்றாள். "உங்க மேசைக்குப் பின்னாலதான நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் தண்ணியைப் பார்த்தாங்க. நீங்க ஜனங்களைப் பார்த்தீங்க."

பதினான்கு வருடம் அவள் அதை வைத்துக்கொண்டா தனக்குச் சோறு போட்டாள் என்று அவருக்கு உடம்பு கூசியது. ஏன் கேட்கவில்லை என்றார். கேட்டால் இல்லை என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்றாள். தம்பியிடம் சொன்னாயா என்று கேட்டபோது அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சொல்லியிருப்பாள் என்று இவராக முடிவு செய்துகொண்டார். அவனுக்கும் தெரிந்திருந்தால், தன் வாயால் ஒருமுறை சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தார்.

இரண்டாம் முறை போனபோது கடையில் கூட்டம். காத்திருக்கும்படி அவன் கையைக் காட்டினான். இவருக்குத்தான் காத்திருக்க வராதே. இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், மேசை மேல் குனிந்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார். தெரியாமல் மட்டும் போடவில்லை, உனக்குக் கிடைத்த அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை, அதனாலும்தான் போட்டேன் என்றார்.

பெயிண்டர் டப்பா மூடியை வைத்து ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டிருந்தான். முழுச் சுற்றும் தட்டி முடித்தான்.

"இதை அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவளுக்கு அப்பவே தெரியுமாம்."

"எனக்குத் தெரியாது" என்றான்.

பிறகு அடுத்த வாடிக்கையாளர் நீட்டிய துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அது வெறும் வெள்ளைத் துணி. நூலண்ணன் மேசையை விட்டு விலகினார். வருகிறேன் என்றார். அவன் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. முதலில் வேலையாக இருப்பான் என்று நினைத்தார். இரண்டு மாதம் யாரும் வேலையாக இருக்க முடியாது. சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு மைத்துனன் மிஞ்சியிருப்பான். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மைத்துனனோடு பேசும்போதெல்லாம் பாதி ஆளாகத்தான் பேசியிருப்பார். இதில் எது சரி என்று அவர் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டார். இரும்பாக இருந்தால் அளவுகோல் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இன்னும் விரிகுடா வாய்க்குப் போகிறார். பத்தொன்பது விநாடி வரை நிற்க முடிகிறது. குட்டிக்கரணம் எல்லாம் இந்த வயதில் நடக்காது. நல்ல அலையாகப் பார்த்து ஏறி, அதன் முதுகில் இறங்கி வந்துவிடுகிறார். கரையில் யாரும் பார்ப்பதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை பெயிண்டர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசுகிறான். கடைக் கதை, தோள்வலி, மழை வந்ததா வெயிலா என்று அரைமணி நேரம் பேச்சு ஓடும். நூலண்ணன் அடுத்த அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசி முடித்து அவள் வந்ததும், மச்சான் எப்படி இருக்கார் என்று கேட்டானா என்று இவர் கேட்பதில்லை. கேட்டான் என்று அவளும் பொய் சொல்வதில்லை.